கொடுக்க ஆள் இல்லைன்னா?

குகட்பள்ளி வீட்டிலிருந்து போனில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான் சுதர்சன்.

"புரோகிராம் டேட்டாபேஸைத் தானே தேடிப் போகக் கூடாது. கனெக்‌ஷனை வெளியிலேருந்து நாமதான் கையில கொடுக்கணும். அதுக்குப் பேர்தான் டிபென்டன்ஸி இன்ஜெக்‌ஷன்."

"எங்கேருந்து வந்துதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?" என்றாள், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தவள்.

"வேணாம். கைக்கு வந்ததை வச்சுக்கிட்டு அது பாட்டுக்கு வேலையைப் பாக்கும்."

"கொடுக்க ஆள் இல்லைன்னா?"

"ஆரம்பத்துலயே நின்னுடும்."

"புரிஞ்சுது. முதல் நாளே திட்டு வாங்காம காப்பாத்திட்டீங்க."

பெருமையோடு அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். பால் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. அலமாரிகள் எல்லாம் திறந்து கிடந்தன. அவன் குரல் தானாக இறங்கியது.

"லலிதா, காபிப் பொடியை எங்க வச்சிருக்க?"

மறுமுனையில் அவன் மனைவி சிரித்தாள்.

"ஆரம்பத்துலயே நின்னுட்டீங்களா?"