மெத்தென்ற நாற்காலி

திண்டிவனம் கடலை எண்ணெய் ஆலையின் ஏசி அறையில், பெரிய கம்பெனி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற அரிபிரசாத் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடமாக அவர் ஏங்கிய இயக்குநர் பதவியை, முதலாளி சிங்காரம் முந்திரித் தட்டோடு சேர்த்து நீட்டுகிறார். "உங்க பேரு போர்டுல இருந்தாலே பேங்க்காரன் எழுந்து நிப்பான் சார்!" அரவை மும்முரம் என்கிறார், ஆனால் சுவர் அதிரவில்லை, எண்ணெய் வாசமும் இல்லை. அரிபிரசாத்தின் வாயில் முந்திரி அரைபடாமல் நிற்கிறது. "மில்ல ஒரு சுத்து பாத்துட்டு வந்து கையெழுத்து போடறேங்க." "மெஷினெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? மூணு மாசத்துக்கு ஒருவாட்டி வந்து டீ குடிச்சிக்கினு போங்க, போதும்." அரிபிரசாத் எழுகிறார். சிரிப்பு மாறாமல் சிங்காரம் அவர் தோளில் கைவைத்துக் கீழே அழுத்துகிறார். உட்கார்ந்துவிடாமல் நிற்பது அரிபிரசாத்துக்குப் பெரும்பாடாக இருக்கிறது.