வாசலுக்கு வெளியே

மழைக்கு வானம் கறுத்து வரும்போதுதான் என் கணவர் செமகுபாவைப் பாயோடு தூக்கி வாழைமரத்தடியில் கிடத்தினோம், நானும் மகளும்.

காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. பொழுது சாயும்வரைகூடத் தாங்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா அவர்கள் வண்டி வரவேண்டும்?

எங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா, இறங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பேச்சை அவளுக்கு எடுத்துச் சொல்ல வரும் ந்தகிஜே என்மேல் பாய்ந்தான்.

“ஏய் கிழவி, ஆட்டை வீட்டுக்குள்ள கட்டுவீங்க, புருஷனை வெளிய போடுவீங்களா? காட்டுப் புத்தி எங்க போகும்!”

விஷயத்தைச் சொன்னேன். சாவு விழுந்த வீட்டில் எங்கள் ட்வா சனம் அதற்குப் பிறகு தங்குவதில்லை. காட்டில் இருந்தவரை அது ஒரு கஷ்டமே இல்லை. இலைக் குடிசைதானே, விட்டுவிட்டு நடந்தால் அடுத்த ஓடைக்கரையில் இன்னொன்று. கொரில்லாக்களுக்கென்று சர்க்கார் காட்டை மூடி எங்களை விரட்டியபின், ஊரான் நிலத்தோரம் பிளாஸ்டிக் தாளுக்கடியில் கிடந்தோம். இப்போதுதான் தலைக்கு மேல் ஒரு தகரம். இதையும் விட்டால் பேரப்பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது?

இவ்வளவையும் ந்தகிஜே இரண்டே வார்த்தையில் முடித்தான். என்ன சொன்னானோ, அந்த அம்மா கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவனும் டிரைவரும் அவரைத் தூக்கிப்போய் உள்ளே கட்டிலில் போட்டார்கள். அவள் தன் கையாலேயே புதுப் போர்வையைப் போர்த்திவிட்டாள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசில் இடி விழ.

அவர் என் துணி முனையை விடவே இல்லை. விடியும்போது அவரேதான் கேட்டிருந்தார்: “என்னை வெளிய கொண்டு போட்டுடு. புள்ளைங்களுக்கு வீடு நிக்கட்டும்.”

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் ஓடிப்போய் மறுபடி தூக்கினோம். தலைமாட்டில் நான், கால்மாட்டில் மகள்.

மூச்சு இல்லை.

மகள் கதவைப் பார்த்தாள். “இப்பவே வெளிய போட்டுருவோம்மா. உள்ளதான் உயிர் போச்சுன்னு யாரு பாத்தா?”

அவர் கண் திறந்தபடியே இருந்தது.

“அவரு பாத்தாரே,” என்றேன்.

அவள் மூலையில் மடித்துக் கிடந்த பழைய பிளாஸ்டிக் தாளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிடப் போனாள்.