பின்பக்கக் கண்ணாடி

"முடிஞ்சுது சார், எழுந்திருங்க" என்று முடிதிருத்துபவர் துணியை உதறினார். வரைவாளர் எழுந்திருக்கவில்லை.

"கண்ணாடி?"

"எதிர்ல இருக்கே சார்."

"இது இல்ல. பின்னந்தலையைக் காட்டுற கைக்கண்ணாடி. எனக்கு முன்னாடி உட்கார்ந்தவருக்குக் காட்டினீங்களே?"

"அது... கை தவறிக் கீழ விழுந்துடுச்சு சார். ஒரே கீறல்."

கண்ணாடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கீறலும் இல்லை.

யோசித்துப் பார்த்தால், மூன்று வருடமாகவே தமக்கு அந்தக் கண்ணாடி காட்டப்படவில்லை என்பது வரைவாளருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து வெளியே வந்தார்.

படியேறி எதிரே வந்தவர் பாலைவனம்.

அது வரைவாளர் வைத்த பட்டப்பெயர். நில வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருவருக்கும் வேலை. வரைவாளரின் மேசைக்கு நேர் பின்னால், சுவரை ஒட்டிக் கடைசி மேசை பாலைவனத்துடையது. காதோரம் மட்டுமே முடி மிச்சமிருந்த அந்தப் பெரியவரிடம் வரைவாளர் தினமும் காலையில் தவறாமல் கேட்பார்:

"அண்ணே, பாலைவனத்துக்கு மஞ்சள் அடிக்கணும். உங்க தலையில ஒருதரம் அடிச்சுப் பார்த்துட்டு வரட்டுமா?"

கூடமே சிரிக்கும். பாலைவனமும் சிரிப்பார். வரைவாளர் தம் நெற்றியில் புரளும் சுருள்முடியை விரலால் கோதிவிட்டுக்கொள்வார்.

வெட்ட ஒன்றுமில்லாத தலைக்கு முடிதிருத்தகம் எதற்கு?

தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார். உள்ளே முடிதிருத்துபவர் பாலைவனத்தின் காதில் ஏதோ சொன்னார். பாலைவனம் பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார்.

"ஓகோ" என்றார் வரைவாளர், தமக்குத் தாமே.

அவர் தனிக்கட்டை. பின்னந்தலையைப் பார்த்துச் சொல்ல அறையில் வேறு ஆள் இல்லை. இருந்த சவரக் கண்ணாடியோ முகத்தைத் தவிர வேறெதையும் காட்டாது. ஆனால் சந்தேகத்துக்குக் கண்ணாடி வேண்டுமா என்ன? பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன.

வரைவாளரின் தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியைப் பாலைவனம் தினமும் போய் நிறுத்திவிடுகிறார். கேட்டால், "காகிதம் பறக்குது தம்பி." நாலு மூலையிலும் இரும்புக் கட்டை வைத்த காகிதம் பறக்குமா? போன வாரம் பக்கத்து வரிசைப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சட்டென்று திரும்பினால், பாலைவனம் உதட்டில் விரல் வைத்து அவர்களுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்!

"சிரிச்சே கழுத்தறுக்கிற ஆளு. கடைக்காரரைக் கையில போட்டுக்கிட்டு என் பின்தலையில ஏதோ கிறுக்கி வெச்சிருக்கான். ஊரே பார்த்துச் சிரிக்குது."

மேலாளருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். 'மேற்படி நபரை என் பின் மேசையிலிருந்து உடனே அகற்றி, கீழ்த்தளப் பழைய கோப்பறைக்கு மாற்ற வேண்டுகிறேன்.' வெளிச்சமே வராத அறை அது. அங்கே போனவர் எவரும் மேலே திரும்பியதில்லை.

இனிச் சாட்சி மட்டும்தான் பாக்கி.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக நுழைந்தார். முடிதிருத்துபவர் வாயைத் திறப்பதற்குள் ஆணியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, பெரிய கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தார்.

கிறுக்கல் எதுவும் இல்லை. உச்சிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். அதன்மேல் பக்கத்து முடியிலிருந்து நாலைந்து இழைகள் வெகு அக்கறையாக இழுத்து வாரப்பட்டிருந்தன.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா சார். பக்கத்து முடியை நீளமா விட்டு மூடி வெக்கிறேன். காத்தடிச்சாத்தான் வெளிய தெரியும்."

வரைவாளருக்கு மின்விசிறி ஞாபகம் வந்தது.

"மறைக்கச் சொன்னது யாரு?"

"சொல்லக்கூடாதுன்னாரு. உங்க ஆபீஸ் பெரியவர்தான் சார். அவரு வழுக்கையை அவரு முதல்முதலா பார்த்தது இந்தக் கண்ணாடியிலதான். அப்புறம் ஒரு வாரம் வீட்டை விட்டே வெளிய வரல. 'அந்தத் தம்பி ஆசை ஆசையா தலை வாருற ஆளுப்பா, முடிஞ்சவரைக்கும் காட்டாதே'ன்னாரு. வரும்போதெல்லாம் இதைத்தான் விசாரிப்பாரு."

அலுவலகத்தில் வரைவாளர் தலைகுனிந்தபடி வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் புகார்க் கடிதம் உறுத்தியது. கூடம் வழக்கமான கேலிக்காகக் காத்திருந்தது.

"என்ன சார், மஞ்சள் கலர் தீர்ந்துடுச்சா?" என்றாள் பக்கத்து வரிசைப் பெண்.

தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. பின்னாலிருந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு குரல்.

"பார்த்துட்டீங்களா தம்பி?"

வரைவாளர் திரும்பாமலே தலையசைத்தார். கை பைக்குள் போய்க் கடிதத்தைக் கசக்கியது.

"முதல் வாரம்தான் கஷ்டம்" என்றார் பாலைவனம். அவருடைய அளவுகோலும் மைப்புட்டிகளும் ஒவ்வொன்றாக முன் மேசைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன. "எழுந்திருங்க. நீங்க என் இடத்துக்குப் போயிடுங்க. அங்க பின்னாடி சுவர்தான் இருக்கு, யாரும் பார்க்க முடியாது."