மூடாத தொட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்குத் திறக்கத் தெரிகிறது, மூடத் தெரியவில்லை. குழாயைத் திறந்தால் திறந்தபடி. கேட்டைத் திறந்தால் திறந்தபடி. சொன்னால், வாட்ச்மேன் கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்பார்கள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து மழைத்தொட்டியின் மூடியும் பாதி விலகிக் கிடந்தது.

மழை பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. இராஜபாளையத்தில் அப்படி ஒரு மழை விழுந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. மேற்கே மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாக, தரைக்கடியில் கட்டிய தொட்டிக்குள் இரைந்துகொண்டு இறங்கியது.

அந்தத் தொட்டியைக் கட்டும்போதே வேண்டாம் என்று சொன்னவன் நான். யார் கேட்டார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமாம்.

அது நிஜம்தான். கத்தரியும் முருங்கையும் கருகிக்கொண்டு வந்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் பாட்டிலில் மிச்சமிருக்கிற தண்ணீரை ஆளுக்கொரு செடிக்கு ஊற்றிவிட்டுப் போகும்.

மூடியைத் திறந்தது சத்துணவு சமைக்கிற பொன்மணி. தண்ணீர் விழுகிறதா என்று பார்த்திருக்கிறாள். பார்த்த சந்தோஷத்தில் அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு நனையப் போய்விட்டாள்.

நான் மூடப் போனேன்.

மூடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் செருப்பு. ஒன்றுதான்.

குனிந்து பார்த்தேன். இருட்டு. நுரை. யாரது என்று கூப்பிட்டேன். தண்ணீர் இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் உள்ளே என்னமோ முனகின மாதிரி இருந்தது.

இறங்கலாம் என்றால் முட்டி மடங்காது. கத்தினேன். மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கிடந்த செங்கல்லை எடுத்துக் குழாயை அடித்தேன். உடையும்வரை அடித்தேன். மாடித் தண்ணீர் மொத்தமும் மைதானத்தில் பாய்ந்து, கேட்டைத் தாண்டித் தெருச் சாக்கடைக்குப் போனது.

அப்போதுதான் எல்லோரும் ஓடிவந்தார்கள். பொன்மணி என் கையிலிருந்த செங்கல்லைப் பிடுங்கினாள்.

"ஏம் பெரியவரே, ஒமக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா? இந்த ஒரு மழைக்குத்தான பிள்ளைக இம்புட்டு நாளாக் காத்துக் கெடந்துச்சுக?"

உள்ளே பிள்ளை கிடக்கிறது என்றேன்.

அவ்வளவுதான், எல்லார் முகமும் செத்துப்போனது. ஹெட்மாஸ்டர் மெல்வின் சார் டார்ச் எடுக்க ஓடினார். ஜெமி டீச்சர் பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, பெயர் சொல்லித் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

ஒருத்தரும் குறையவில்லை. வரிசையில் நின்ற பாண்டிசெல்வி வெறுங்காலைத் தூக்கிக் காட்டினாள்.

"தாத்தா, அது என் செருப்பு. நான் இங்கல்லா நிக்கேன்."

பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் சிரிக்கவில்லை. அதற்குள் மழையும் தூறலாகி நின்றுவிட்டது. தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை. சில பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து, மைதானத்துச் சேற்றில் தேங்கியதை அள்ளி அள்ளித் தொட்டிக்குள் ஊற்றப் பார்த்தன. பொன்மணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மெல்வின் சார் தொட்டிக்குள் டார்ச்சைச் சுற்றிச் சுற்றி அடித்தார். திட்டவில்லை. யாருமில்லை, நீங்களே பாருங்கள் என்றார். இனிமேல் வீட்டில் இருந்து ஓய்வெடுங்கள் என்றும் சொன்னார்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. மூலையில் ஒரு தடவை அடியுங்கள் என்றேன். அடித்தாயிற்று என்றார்.

மில் தொட்டியைக் கழுவ இறங்கிய என் மகன் சங்கரலிங்கத்தைத் தேடிய அன்றைக்கும் இப்படித்தான் டார்ச் அடித்தார்கள். யாருமில்லை, வீட்டுக்குப் போயிருப்பான் என்றார்கள். நானும் நம்பி வீட்டுக்குப் போய், அவனுக்குத் தட்டில் சோறு போட்டு வைத்துக் காத்திருந்தேன்.

கேட்டைத் தாண்டி நடந்தேன்.

டீச்சர் இன்னொரு தடவை எண்ணியிருக்க வேண்டும்.