மூன்றாவது டப்பா

எர்மெலிந்தா பிளாஸ்டிக் டப்பாவைக் கவுன்ட்டரில் ஓங்கி வைத்தாள். "ஆயுளுக்கும் உத்தரவாதம்னு அடிச்சுச் சொல்லித்தானே வித்தீங்க? வேற குடுங்க!"

விற்பனைப்பெண் யாதிரா அதைத் திருப்பிப் பார்த்தாள். "செனோரா, இந்த மாசத்துல இது மூணாவது. தானா விரிசல் விட்டாத்தான் மாத்துவோம். இதுல அடியில கத்தி குத்தின ஓட்டை இருக்கு."

"எலி கடிச்சுது."

"உங்க வீட்டு எலி கத்தி பிடிக்குமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எர்மெலிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா சிரிங்க! மோலே குழம்பு முழுசும் ஒழுகி, என் மகன் வெறும் சோள ரொட்டியைத் தின்னான். நாளைக்கும் அப்படியே தின்னணுமா?"

"வேற பாத்திரத்துல குடுக்கறதுதானே?"

"உள்ள இருக்கறது வெளியில தெரியணுமாம்!" சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

யாதிராவின் முகம் மாறியது. படிவத்தில் 'தயாரிப்புக் குறை' என்று எழுதி, புது டப்பாவை நீட்டினாள். எர்மெலிந்தாவின் காதருகே குனிந்தாள்.

"ஜெயிலுக்கு வடக்கு கேட் வழியாப் போகாதீங்க. அங்க நிக்கிற காவக்காரப் பாவிதான் சோதனைன்னு கத்தியை அடி வரைக்கும் இறக்குறான். தெற்கு கேட்ல கரண்டியால கிளறிப் பார்த்துட்டு விட்டுடுவாங்க. என் புருஷன் உள்ள போயி நாலு வருஷமாச்சு."