புள்ளியில்லாத எழுத்து

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

பார்வையற்றோருக்கான பிரெயில் அச்சகத்தின் கம்ப்யூட்டர்காரர், விரலால் தடவிப் பிழை திருத்தும் பெண்ணிடம் மூன்று வருடமாகச் சொல்லத் தவித்ததை ஒருநாள் ஒரு பக்கத்துக்கு அடித்துவிட்டார். கொடுக்கத் துணிவு வரவில்லை. அழிக்கவும் மனம் வராமல், எல்லா எழுத்தையும் புள்ளியே இல்லாத எழுத்தாக மாற்றினார். மேடிட்ட புள்ளிகளால் ஆன பிரெயிலில் அப்படியும் ஒன்று உண்டு. கண்ணுக்கு வெறும் இடைவெளி. கம்ப்யூட்டருக்கு அதுவும் ஓர் எழுத்து. ஆகவே அந்தப் பக்கமும் பாடப்புத்தகத்தோடு சேர்ந்து அச்சாகி, அவள் மேசைக்குப் போய்விட்டது.

விழுந்தடித்து ஓடினார். அவள் விரல் கடைசி வரியில் இருந்தது.

"அது வெறும் காகிதம்ங்க, குடுங்க."

"இருங்க. ஏழாவது வரியில ஒரு தப்பு இருக்கு."

அவர் தடவிப் பார்த்தார். தன் வழுக்கையைவிட வழவழப்பாக இருந்தது.

"எ... என்ன தப்பு?"

"'என்னைப் பிடிக்குமா'ன்னு கேட்டிருக்கீங்க. 'கல்யாணம் எப்போ'ன்னு இருக்கணும். மூணு வருஷம் யோசிச்சும் இவ்ளோதானா?"

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. அந்த அச்சகத்துக்கு முதல் பிரெயில் இயந்திரம் வந்து இறங்கியது அதற்கு அடுத்த வருடம்.