சும்மா நிற்கும் முன்சக்கரம்

ஓமானில், சலாலாவுக்கு மேலே மலைப்பாதையில் ஜீப் பின்னோக்கி வழுக்குகிறது. பட்டப்பகலிலும் பத்தடிக்கு அப்பால் மூடுபனி. களிமண் சேறு எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. உடையப்பன் பிரேக்கை அழுத்த, இடப்பக்கப் பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நிற்கிறது. நான்கு சக்கர லிவர் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு நேரமும் பின்சக்கரங்கள்தான் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் சும்மா நின்றன. பெட்ரோல் மிச்சமாகட்டுமென்று தார்ரோட்டில், முன்சக்கரங்களை எஞ்சினோடு பூட்டும் ஹப்புகளைக் கையால் திருகித் தளர்த்தியவன், மலையேறும்முன் முறுக்க மறந்திருக்கிறான்.

“மறந்துட்டேன் சார். ஹேண்ட்பிரேக் மட்டும் தாங்காது, நான் பிரேக்குல இருந்து காலை எடுத்தா வண்டி பள்ளத்துல போயிரும். நீங்கதான் எறங்கி ரெண்டு ஹப்பையும் முறுக்கணும்.”

உடையப்பன் கதவைத் திறந்துவிட்டால்தான் இறங்கிப் பழகியவர் எஞ்சினியர் வெங்கட்ராமன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார். வலப்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு முன்னால் சுற்றி வந்து, பள்ளத்து ஓரமாக, இடப்பக்க ஸ்டீயரிங்கில் இருக்கும் உடையப்பனின் ஜன்னலுக்குக் கீழே மண்டியிடுகிறார். நனைந்த வழுக்கைத்தலை தெரிகிறது. வண்டி ஒரு விரற்கடை நழுவுகிறது. உடையப்பன் பிரேக்கை இன்னும் அழுத்துகிறான். இன்னொரு ‘டக்’. வண்டி மறுபடி நழுவுகிறது.

“எடுப்பா. நிறுத்தாம போ.”

கிளட்சை விடுகிறான். நான்கு சக்கரமும் மண்ணைக் கவ்வுகின்றன. பக்கக் கண்ணாடியில் ‘போ, போ’ என்று வீசும் கை பனியில் கரைகிறது. பக்கத்து இருக்கையின் கீழே அவருடைய ஷூ இரண்டும் மட்டும் மலையேறுகின்றன.